மேலே ஒரு பை, கீழே ஒரு பை: செஞ்சிக் கோட்டைக்கு மூட்டை கட்டுவது எப்படி?

ஊருக்குக் கிளம்புவது என்றால் நம் வீடுகளில் இரண்டு கட்சிகள் முளைத்துவிடும். ‘எதுக்கும் இருக்கட்டும்’ என்று போர்வை முதல் பூண்டு ஊறுகாய் வரை திணிக்கிற கட்சி ஒன்று. ‘அங்க போய் வாங்கிக்கலாம், விடு’ என்கிற கட்சி இன்னொன்று. 2022 ஜூன் மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்து சொகுசுக் கப்பல் கிளம்பத் தொடங்கியபோது இரண்டாவது கட்சிக்குத்தான் கொண்டாட்டம். சாப்பாடு, தண்ணீர், டாக்டர், கடை எல்லாம் கப்பலுக்குள்ளேயே. அடையாள அட்டை, மாற்றுத் துணி, கடல் காற்றுக்கு ஒரு ஸ்வெட்டர், குமட்டலுக்கு மாத்திரை இருந்தால் மற்றது தானாக நடந்துவிடும். ‘எதுக்கும் இருக்கட்டும்’ என்று இஸ்திரிப் பெட்டியைக் கொண்டுபோனால், தீ ஆபத்து என்று சொல்லி ஏறும்போதே வாங்கி வைத்துவிடுவது கப்பல்களில் வழக்கம்.

அதே சென்னையிலிருந்து தரை வழியாகத் திண்டிவனம் வந்து, திருவண்ணாமலை சாலையில் திரும்பினால் செஞ்சி. மொத்தம் ஏறத்தாழ 150 கிலோமீட்டர். காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம் என்பதால் பலரும் இதை ஒரு பயணமாகவே கணக்கில் வைப்பதில்லை. ‘பக்கத்துலதானே’ என்று ஆளுக்கொரு அரை லிட்டர் பாட்டிலோடு கிளம்பிவிடுகிறார்கள். ஆனால் ராஜகிரி மலைப்படியில் கால் வைத்த பிறகு கடை கிடையாது, கழிப்பறை கிடையாது, டாக்டர் கிடையாது. மறந்ததை வாங்க வேண்டுமானால் ஏறியது அத்தனையும் இறங்கி வர வேண்டும். கப்பலுக்கு மூட்டை கட்டுவதைவிட இந்த ஒரு நாள் மலைக்கு மூட்டை கட்டுவதுதான் உண்மையில் கடினம்.

2025 ஜூலை 11 அன்று, மராத்தியர்களின் ராணுவக் கோட்டைகள் என்ற தொகுப்பில் செஞ்சியும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. மொத்தம் 12 கோட்டைகள். 11 மகாராஷ்டிரத்தில், தமிழ்நாட்டில் இது ஒன்றுதான். செய்தியைப் படித்துவிட்டு, பாட்டி தாத்தா பேரன் பேத்தி என்று வேன் பிடித்து வருகிறவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

அடிவாரத்தில் நடக்கிற ஒரு தவறு

ராஜகிரி அடிவாரத்தில் எந்த ஞாயிற்றுக்கிழமையும் பார்க்கக்கூடிய காட்சி இது. பாட்டி அண்ணாந்து மலையைப் பார்க்கிறார். “என்னால ஆவாதுப்பா, நீங்க போயிட்டு வாங்க. நான் இப்படி மரத்தடியில உக்காந்திருக்கேன்” என்கிறார். சரி என்று மகனும் மருமகளும் பிள்ளைகளும் கிளம்புகிறார்கள். குடும்பத்துக்கென்று கொண்டுவந்த ஒரே பை மகனின் தோளில் ஏறுகிறது. தண்ணீர், பிஸ்கட், பணம், செல்போன், பாட்டியின் மதிய மாத்திரை உட்பட எல்லாமே அந்தப் பைக்குள். ‘அரை மணி நேரத்துல வந்துடுறோம்மா’ என்று போகிறவர்கள் திரும்ப மூன்று மணி நேரம் ஆகிறது. அதுவரை பாட்டிக்குத் துணை, மரமும் குரங்குகளும்.

இதையே தலைகீழாகச் செய்கிறவர்களும் உண்டு. பை கனமாக இருக்கிறது என்று அப்படியே பாட்டியிடம் விட்டுவிட்டு, கையில் ஒரு பாட்டிலோடு ஏறுவார்கள். பாதி மலையில் பாட்டில் காலி. சின்னவன் ‘தண்ணி’ என்று அழ ஆரம்பிப்பான். மேலே போவதா, திரும்புவதா என்று கணவன் மனைவிக்குள் அங்கேயே ஒரு பட்டிமன்றம் நடக்கும்.

இரண்டும் ஒரே தவறுதான். ஒரே குடும்பமாக வந்தாலும் அடிவாரத்தில் இரண்டு குழுவாகப் பிரியப்போகிறோம் என்பதை வீட்டிலேயே யோசிக்காமல், ஒரே பையாகக் கட்டிக்கொண்டு வருவது.

கோட்டை கட்டியவர்கள் மூட்டை கட்டிய விதம்

செஞ்சியைக் கட்டியவர்கள் இந்தத் தவறைச் செய்யவில்லை. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் என்று மூன்று மலைகளை ஏறத்தாழ 13 கிலோமீட்டர் மதில் சுற்றி வளைக்கிறது. ஆனால் ஒவ்வொரு மலையும் தனியாகவும் ஒரு கோட்டை. ராஜகிரி அடிவாரத்தில், அடுக்கடுக்காக எழும் கல்யாண மகாலைத் தாண்டிப் போனால் பெரிய தானியக் களஞ்சியம் இருக்கிறது. இவ்வளவு பெரிய களஞ்சியம் கீழே இருக்கும்போது மேலே எதற்கு இன்னொன்று என்று அவர்கள் விட்டுவிடவில்லை. ராஜகிரி உச்சியிலும் களஞ்சியம் உண்டு. குடிக்கச் சுனைநீர் உண்டு. கிருஷ்ணகிரி மேலே போனால் அங்கேயும் தனியாகக் களஞ்சியங்கள். எண்ணெய்க் கிணறு, நெய்க் கிணறு என்று சொல்லப்படும் தொட்டிகளைக்கூட அங்கே பார்க்கலாம். கீழ்க்கோட்டை எதிரி கைக்குப் போய்விட்டாலும், மேலே இருக்கிறவர்கள் சோறு தண்ணீருக்குக் கீழே கையேந்தக் கூடாது என்ற கணக்கு.

ராஜகிரி உச்சிக்குச் சற்று முன்னால் இந்தக் கணக்கை இன்னும் தெளிவாகப் பார்க்கலாம். அங்கே பாறை பிளந்து கிடக்கிறது. சுமார் 24 அடி அகலம், 60 அடி ஆழம். அதன் மேல் ஒரு சிறிய பாலம். பாலத்தை எடுத்துவிட்டால் உச்சி தனித் தீவு. இந்தப் பக்கம் இருக்கிற பை அந்தப் பக்கம் போகாது!

1690 முதல் 1698 வரை நடந்த முற்றுகையில் இதன் பலன் தெரிந்தது. சிவாஜியின் இளைய மகன் ராஜாராம் பன்ஹாலா கோட்டையிலிருந்து மாறுவேடத்தில் தப்பி, 1689-ல் செஞ்சிக்கு வந்து சேர்ந்தார். அவரைப் பிடிக்க அவுரங்கசீப் அனுப்பிய சுல்பிகார் கான், படையோடு வந்து கோட்டையைச் சுற்றி முகாமிட்டார். நடந்தது என்ன தெரியுமா? 1692-ம் ஆண்டு இறுதியில் மராத்தியத் தளபதிகள் சந்தாஜியும் தனாஜியும் வெளியிலிருந்து வந்து வழிகளை மறித்துவிட, முற்றுகையிட வந்தவர்களே தானியம் கிடைக்காமல் திண்டாடினார்கள். மலைமேல் இருந்தவர்களுக்கு அந்தக் கதி வரவில்லை. வெட்டவெளியில் முகாமிட்டிருந்த முகலாயப் படைதான் 1693 தொடக்கத்தில் முற்றுகையை விட்டு வந்தவாசிக்குப் பின்வாங்கியது. பிறகு மறுபடி வந்து, 1698-ல்தான் கோட்டையைப் பிடிக்க முடிந்தது. அதற்குள் ராஜாராம் தப்பிப் போயிருந்தார்.

நமக்கு எட்டு வருடத்துக்குச் சாமான் வேண்டாம். ஒரு நாளைக்குப் போதும். ஆனால் இரண்டு இடத்தில் வேண்டும்.

மேலே போகிற பை

ராஜகிரி ஏறத்தாழ 800 அடி உயரம். ஒரு மாடிக்குப் பத்தடி என்று வைத்தால் எண்பது மாடி. லிப்ட் இல்லாத எண்பது மாடிக்கு என்னென்ன தூக்கிக்கொண்டு போவோமோ, அது மட்டும்தான் மேலே போகிற பையில் இருக்க வேண்டும்.

முதலில் தண்ணீர். நிதானமாக ஏறுகிறவருக்கு மேலே போக ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் ஆகும். இறங்க அதில் முக்கால் பங்கு. ஆளுக்கு ஒன்றரை லிட்டர் வேண்டும், வெயில் காலமென்றால் இரண்டு. நான்கு பேர் என்றால் எட்டு லிட்டர், அதாவது எட்டு கிலோ. இதை ஒருவர் தோளில் ஏற்றுவது அநியாயம். அவரவர் தண்ணீரை அவரவர் தூக்க வேண்டும். பத்து வயதுப் பிள்ளைக்கும் அதன் முதுகில் ஒரு சின்ன பை, அதில் அரை லிட்டர். பாதித் தண்ணீர் இறங்குவதற்கு என்று முன்பே சொல்லிவிடுங்கள். பலரும் ஏறும்போதே முழுவதையும் குடித்துவிடுகிறார்கள். மயக்கம் வருவது பெரும்பாலும் இறங்கும்போது, பாறை முழுக்கச் சூடேறிய பிறகு. மேலே சுனை இருக்கிறதே என்று கேட்கலாம். அது பார்ப்பதற்கு, நம் வயிற்றைச் சோதிப்பதற்கு அல்ல.

வெறும் தண்ணீரோடு, மருந்துக் கடையில் கிடைக்கும் உப்பு சர்க்கரைக் கரைசல் பாக்கெட் இரண்டு இருக்கட்டும். பாக்கெட்டில் போட்டிருக்கிற அளவுத் தண்ணீரில்தான் கலக்க வேண்டும். ருசிக்காகக் கெட்டியாகக் கரைப்பது கெடுதல். வீட்டிலேயே செய்வதென்றால், ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீருக்குத் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. நீர்மோர் எல்லாவற்றையும்விட இதமானது. ஆனால் பத்து மணிக்குள் குடித்துவிடுங்கள். பதினோரு மணி வெயிலில் பைக்குள் அது வேறு பதார்த்தமாகிவிடும்.

சாப்பாட்டை மேலே கொண்டுபோக வேண்டாம். கடலை மிட்டாய், பேரீச்சம்பழம், வெள்ளரிக்காய், இரண்டு ஆரஞ்சு போதும். சர்க்கரை நோய் இருக்கிறவர் சட்டைப் பையிலேயே இனிப்பு மிட்டாய் வைத்திருக்க வேண்டும். பையில் இருக்கிறது என்றால், பையை வைத்திருக்கிற ஆள் இருபது படி முன்னால் போய்க்கொண்டிருப்பார்.

அடுத்தது துண்டு. சாதாரண பருத்தித் துண்டு, ஆளுக்கு ஒன்று. தலைக்குக் கட்டலாம், வியர்வை துடைக்கலாம், நனைத்துக் கழுத்தில் போடலாம், உட்காரும்போது சுடுகிற கல்லில் விரிக்கலாம், கால் பிசகினால் கட்டுப் போடலாம். விலை உயர்ந்த மலையேற்றச் சாமான்கள் எதுவும் இதற்கு ஈடில்லை. குடை நல்லதுதானே என்றால், கீழே நல்லது. மேலே ஒரு கை எப்போதும் காலியாக இருக்க வேண்டும். சில இடங்களில் படி முழங்கால் உயரம் இருக்கும். உச்சியில் காற்று குடையைப் பிடுங்கும்.

காலுக்கு, பின்புறம் மூடிய ஷூ அல்லது பட்டை வைத்த செருப்பு. தேய்ந்த ரப்பர் செருப்போடு வந்து, பாதியில் வார் அறுந்து கையில் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் நிறைய. ஒரு ஜோடி சாக்ஸ் கூடுதலாக இருக்கட்டும். வழியில் கமலக்கண்ணி அம்மன் கோயில், உச்சியில் ரங்கநாதர் கோயில். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு மதிய வெயிலில் பத்தடி நடந்தாலே அந்தச் சாக்ஸின் அருமை தெரியும். உடை பருத்தியாக இருக்கட்டும். புடவைதான் வசதி என்கிற அம்மாக்கள் கணுக்காலுக்குச் சற்று மேலே ஏற்றிக் கட்டுவது நல்லது. இறங்கும்போது கொசுவம் மிதிபட்டுத்தான் பெரும்பாலும் தடுக்கி விழுகிறார்கள்.

பிளாஸ்திரி, களிம்பு, வழக்கமான மாத்திரையில் ஒரு வேளை, முழுதாக சார்ஜ் ஏற்றிய ஒரு செல்போன். மேலே போகிற பை அவ்வளவுதான்.

குரங்குகளுக்குத் தெரிந்தது

செஞ்சிக் குரங்குகளுக்குப் பிளாஸ்டிக் கவரின் சத்தம் நன்றாகத் தெரியும். கையில் தொங்குகிற கவர் என்றால் உள்ளே தீனி என்பது அவற்றின் அனுபவம். கலர் பாட்டிலைத் திறந்து குடிப்பதிலும் தேர்ந்தவை. அதனால் கையில் எதுவும் தொங்கக் கூடாது. ஜிப் வைத்த முதுகுப் பை மட்டும். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் தடை என்பதை வேறு நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. கீழே வைக்கிற பைக்கு மஞ்சப்பை அருமையானது. ஆனால் மேலே அதுவும் குரங்குக்குக் கொடுத்த அழைப்பிதழ்தான்.

திண்பண்டத்தை நடந்துகொண்டே தின்ன வேண்டாம். குரங்கை முறைத்துப் பார்ப்பது, பல்லைக் காட்டிச் சிரிப்பது, பிள்ளைகள் கையில் கடலை கொடுத்துப் ‘போடு’ என்று போட்டோ எடுப்பது எல்லாம் வம்பை விலைக்கு வாங்குவது. பையைப் பிடித்து இழுத்தால் விட்டுவிடுங்கள். கடித்தாலோ நகம் கீறினாலோ, சின்னக் கீறல்தானே என்று மஞ்சள் வைத்துக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். சோப்பு போட்டு, ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே செஞ்சி அரசு மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசி தேவையா என்று டாக்டர் சொல்வார். இதற்காகவே ஒரு துண்டு சோப்பு இரண்டு பையிலும் இருக்கட்டும்.

கீழே இருக்கிற பை

இதைத்தான் யாரும் கட்டுவதில்லை. கீழே இருக்கப்போகிறவர் ‘சும்மா உட்கார்ந்திருக்கப் போகிறார்’ என்று நினைக்கிறோம். மூன்று மணி நேரம், தெரியாத ஊரில், எழுபது வயதில் சும்மா உட்கார்ந்திருப்பது சின்ன வேலை இல்லை.

அவருக்கென்று தனியாக இரண்டு லிட்டர் தண்ணீர். மதிய மாத்திரை, எந்த நேரத்துக்கு எது என்று எழுதிய சீட்டோடு. விரித்து உட்காரப் பாய் அல்லது போர்வை. குடை, பனையோலை விசிறி. சில்லறைப் பணம்; கழிப்பறைப் பக்கம் போகவோ, டீ குடிக்கவோ மகன் வரும்வரை காத்திருக்கும்படி செய்யக் கூடாது. அவர் கையில் ஒரு செல்போன். இல்லையென்றால் குறைந்தபட்சம் இரண்டு பேரின் எண்களை எழுதிய தாள். நீர் மாத்திரை, ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால், வெயில் நாளில் எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்று கிளம்புவதற்கு முன்பே டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மதியச் சாப்பாட்டின் இடமும் இந்தப் பைதான். புளியோதரை, மிளகாய்ப்பொடி தடவிய இட்லி இரண்டும் வெயிலைத் தாங்கும். தயிர் சாதம் வேண்டுமென்றால், பாலில் பிசைந்து ஒரு ஸ்பூன் தயிர் மட்டும் விட்டு எடுத்து வாருங்கள். பன்னிரண்டு மணிக்குச் சரியாகத் தோய்ந்திருக்கும். தேங்காய்ச் சட்னி வேண்டவே வேண்டாம். சாப்பிட்ட இலையையும் காகிதத்தையும் திரும்பக் கொண்டுபோக ஒரு காலிப் பை.

கீழே இருக்கிறவர் பார்ப்பதற்கும் நிறைய இருக்கிறது. கல்யாண மகால், யானைக்குளம், களஞ்சியம், உடற்பயிற்சிக் கூடம் எல்லாம் சமதரையில்தான். வெங்கடரமணர் கோயிலுக்கும் படியேற வேண்டியதில்லை. அந்தக் கோயிலிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் எடுத்துப்போன தூண்களைப் புதுச்சேரி கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி இன்றும் பார்க்கலாம். செட்டிக்குளத்தின் கரையில், 1714-ல் ஆற்காடு நவாபோடு போரிட்டு மாண்ட தேசிங்கு ராஜாவைத் தகனம் செய்த இடம் என்று ஒரு மேடையைக் காட்டுகிறார்கள். தேசிங்கு ராஜன் கதைப் பாட்டைத் தெருக்கூத்தில் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு, 800 அடி உச்சியைவிட அந்த மேடை பெரிது. களஞ்சியத்துக்குள் இருட்டாக இருக்கும். ஒரு சின்ன டார்ச் கீழ்ப் பையில் இருக்கட்டும்.

யார் மேலே, யார் கீழே?

இந்த முடிவை அடிவாரத்தில் நின்று எடுக்கக் கூடாது. அங்கே வீம்பு பேசும். ‘அறுபது வயசுல பழனி ஏறினேன்’ என்று தாத்தா வேட்டியை மடித்துக் கட்டிவிடுவார். இதய நோய் உள்ளவர்கள், சமீபத்தில் அறுவைசிகிச்சை ஆனவர்கள், முழங்கால் மடக்க முடியாதவர்கள், கர்ப்பிணிகள் ஏற வேண்டாம் என்பதை வீட்டிலேயே பேசிவிடுங்கள். இரண்டும் கெட்டானாக இருப்பவர்களுக்குக் கிருஷ்ணகிரி இருக்கிறது. சாலைக்கு வடக்கே இருக்கும் அந்த மலை ராஜகிரியைவிடத் தாழ்வு. குவிமாடம் வைத்த மண்டபத்தில் உட்கார்ந்தால் காற்று அள்ளும். பாதியில் திரும்பினாலும் அது தோல்வியில்லை.

எவ்வளவு தயாராக வந்தாலும் வெயில் யாரையும் கீழே தள்ளும். தலைவலி, குமட்டல், காலில் சதைப்பிடிப்பு வந்தால் அங்கேயே நிழலில் உட்காருங்கள். உச்சி எங்கேயும் ஓடிப்போகாது. உடம்பு கொதிக்க, பேச்சு குழறினாலோ, ஆள் தெரியாமல் பேசினாலோ அது சாதாரணக் களைப்பில்லை. துணியை நனைத்து உடம்பு முழுக்கப் போட்டு விசிறிக்கொண்டே 108-ஐக் கூப்பிடுங்கள். மயக்கத்தில் இருப்பவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

நேரமும் ஒரு சாமான்தான்

நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். ஆனால் வடகிழக்குப் பருவமழை பெய்த மறுநாள் படிகள் வழுக்கும். இரண்டு நாள் விட்டு வாருங்கள். மே மாத அக்னி நட்சத்திரத்தில் பிள்ளைகளோடு ராஜகிரி ஏறுவது, லீவு கிடைத்ததற்காகச் செய்கிற தவறு. அப்போது கீழ்க்கோட்டையோடு நிறுத்திக்கொண்டு, பக்கத்தில் சிங்கவரம் குடைவரைக் கோயிலில் பள்ளிகொண்ட ரங்கநாதரைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம்.

தொல்லியல் துறையின் டிக்கெட் கவுன்டர் திறந்ததும் முதல் ஆளாக நுழைவது நல்லது. 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு டிக்கெட் இல்லை. மதியம் மூன்று மணிக்கு மேல் ராஜகிரி ஏற விடுவதில்லை. ஐந்து மணிக்குள் வெளியே வந்துவிட வேண்டும். செஞ்சிக்கு ரயில் கிடையாது. திண்டிவனத்திலிருந்தோ திருவண்ணாமலையிலிருந்தோ விழுப்புரத்திலிருந்தோ பஸ்தான். பஸ்ஸில் வருகிறவர்கள் அமாவாசையைத் தவிர்த்துவிடுங்கள். மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குப் போகிற கூட்டம் செஞ்சி பஸ் ஸ்டாண்டை நிறைத்துவிடும். நிற்க இடம் கிடைத்தால் அதிர்ஷ்டம். இரண்டு பையை வைக்க இடம் கிடைக்காது.

கிளம்புவதற்கு முதல் நாள் இரவு பையைக் கட்டி முடித்ததும், கீழ்ப் பையின் அடியில் ஒரு முழு பாட்டில் தண்ணீரைத் தனியாக வையுங்கள். பாட்டியின் இரண்டு லிட்டரில் அது சேராது. கடைசி ஆள் இறங்கி வரும்வரை அதைத் தொடக் கூடாது. வியர்த்துக் கொட்டி, முகம் சிவந்து, ‘பாட்டி, மேல பாலம் இருக்கு தெரியுமா!’ என்று கத்திக்கொண்டே ஓடி வருகிற பேரனுக்கு அதைத் திறந்து நீட்டுகிற உரிமை, மூன்று மணி நேரம் காத்திருந்த பாட்டிக்கு மட்டுமே.